பேரன் ஏன் பாட்டியிடம் போக மறுக்கிறான்?

மார்கழி பிறந்து விட்டால் போதும். பட்டணத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். “ஊருக்கு எப்போது?”

டிசம்பர் கடைசியில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுகிறார்கள். அதில் கிறிஸ்துமஸ் வருகிறது. புத்தாண்டு வருகிறது. இரண்டு வாரம் தள்ளிப் பொங்கல் வருகிறது. கிறிஸ்துமசுக்குச் சிலர் ஊருக்குப் போகிறார்கள். பொங்கலுக்குப் பலர் போகிறார்கள். சென்னையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பது போல் தோன்றும்.

இந்தக் கூட்டத்தில் ஒரு குட்டிப் பயணியும் உண்டு. வயது ஒன்று, அல்லது ஒன்றரை, மிஞ்சிப் போனால் இரண்டு. தத்தித் தத்தி நடப்பான். நாலு வார்த்தை பேசுவான். அவனுக்குப் பொங்கல் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் இந்தப் பயணமே அவனுக்காகத்தான்! ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி, “மகனே, நீ வா” என்று சொல்வதில்லை. “பிள்ளையைக் கொண்டு வா” என்றுதான் சொல்கிறார்கள்.

பிள்ளை வருகிறான். பாட்டி வாசலுக்கே ஓடி வருகிறாள். “வாடா என் ராசா!” என்று இரண்டு கையையும் நீட்டுகிறாள். ராசா என்ன செய்கிறான்? வீல் என்று அலறுகிறான். தாயின் கழுத்தைக் கட்டிக் கொள்கிறான். முகத்தைத் திருப்பிக் கொள்கிறான்.

பாட்டியின் முகம் வாடி விடுகிறது. பல நாளாக நெய் காய்ச்சி, முறுக்குச் சுட்டு, தொட்டில் துணி துவைத்துக் காத்திருந்தவள் அவள். உடனே ஒரு பேச்சு வருகிறது.

“என்னம்மா இது? பிள்ளையை யாரிடமும் விடாமலே வளர்த்திருக்கிறாயா?”

பக்கத்தில் இருக்கும் நாத்தனார் சும்மா இருப்பாளா? “எங்கள் பிள்ளைகள் எல்லாம் இப்படியா அழுதன?” என்கிறாள். மருமகள் தலையைக் குனிந்து கொள்கிறாள். மகனோ பெட்டியைத் தூக்கிக் கொண்டு உள்ளே போய் விடுகிறான்!

பிள்ளை அழுதது ஐந்து நிமிடம். அந்தப் பேச்சு ஐந்து நாள் ஓடுகிறது. சில வீடுகளில் அடுத்த பொங்கல் வரை ஓடுகிறது.

(பேரன் என்று எழுதுகிறோம். பேத்தி ஆனாலும் இதே கதைதான்.)

யார் மேல் குற்றம்?

மருமகள் மேல் குற்றமா? இல்லை. பாட்டி மேலா? அதுவும் இல்லை. பிள்ளை மேல் சொல்லவே கூடாது. பிள்ளையின் வயது, ஊரின் தூரம், விடுமுறையின் நாள் கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. தாய் வளர்த்த வளர்ப்புக்கும் இதற்கும் அதிக சம்பந்தம் கிடையாது.

முதலில் வயதைப் பார்ப்போம்.

ஆறு மாதக் குழந்தை பெரும்பாலும் யார் தூக்கினாலும் போகும். பொக்கை வாய் திறந்து சிரிக்கும். எட்டு மாத வாக்கில் ஒரு மாற்றம் வருகிறது. தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று குழந்தை பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறது. தெரியாத முகம் கிட்டே வந்தால் பயப்படுகிறது. தாய் அறையை விட்டுப் போனால் அழுகிறது. ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரை இது உச்சத்தில் இருக்கும். இரண்டு, இரண்டரை வயதில் மெல்லக் குறையும்.

ஆகவே பிள்ளை அழுதால் அவனுக்குக் கோளாறு என்று எண்ணக் கூடாது. அவனுடைய அறிவு வளர்ந்திருக்கிறது என்று பொருள். தாய் யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் மற்றவரிடம் போகத் தயங்குகிறான்.

இதை ஆராய்ந்தவர்களில் மேரி ஐன்ஸ்வர்த் என்ற அம்மையார் முக்கியமானவர். 1954, 1955-ம் ஆண்டுகளில் அவர் ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா நாட்டுக்குப் போனார். கம்பாலா நகருக்குப் பக்கத்தில் உள்ள கிராமங்களில் 26 குடும்பங்களை வீடு வீடாகச் சென்று கவனித்தார். அந்த வீடுகளில் இருந்த குழந்தைகள் 28. தாய் பக்கத்தில் இருந்தால் குழந்தை தைரியமாகத் தவழ்ந்து போகிறது. எதையாவது எடுத்துப் பார்க்கிறது. மீண்டும் தாயிடம் வந்து தொட்டு விட்டுப் போகிறது. தாய்தான் அதற்குக் கோட்டை. கோட்டையில் இருந்து புறப்பட்டுத்தான் அது உலகத்தைப் பார்க்கிறது. கோட்டையில் இருந்து பிடுங்கி எடுத்தால்? அழுகிறது!

இதை அவர் பிறகு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் குழந்தைகளிடமும் கண்டார். ஆக, இது பட்டணத்துப் பிள்ளையின் கெட்ட பழக்கம் என்று சொல்ல இடம் இல்லை. கிராமத்துப் பிள்ளைக்கும் உண்டு.

“போன வருஷம் சிரித்தானே!”

பாட்டிக்கு இன்னொரு வருத்தம். “போன பொங்கலுக்கு என் மடியை விட்டு இறங்கவே இல்லையே! இந்த வருஷம் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?”

யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. போன பொங்கலுக்கு அவனுக்கு ஆறு மாதம். இந்தப் பொங்கலுக்கு ஒன்றரை வயது. மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள். போன வருஷம் பயம் வராத வயது. இந்த வருஷம் பயம் உச்சத்தில் இருக்கிற வயது.

சரி, பாட்டி தெரிந்த முகம்தானே? மறந்து போவானா? இதற்கும் ஒரு கணக்கு உண்டு.

கரோலின் ரோவி-கோலியர் என்ற அமெரிக்க அம்மையார் குழந்தைகளின் ஞாபக சக்தியை ஆராய்ந்தார். குழந்தைக்கு முன்னால் ஒரு பொம்மை ரெயில். ஒரு பிடியை அழுத்தினால் ரெயில் ஓடும். குழந்தை இதைக் கற்றுக் கொள்கிறது. சில வாரம் கழித்து அதே ரெயிலை மீண்டும் காட்டினால் ஞாபகம் இருக்கிறதா? ஆறு மாதக் குழந்தைக்குச் சுமார் 2 வாரம் வரை ஞாபகம் இருந்தது. ஒரு வயதுக் குழந்தைக்கு 8 வாரம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 13 வாரம்.

பொம்மை ரெயில் வேறு, பாட்டி வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அளவு புரிகிறது அல்லவா? ஒரு பொங்கலில் இருந்து அடுத்த பொங்கலுக்கு 52 வாரம். ஆறு மாதத்தில் பார்த்த பாட்டி, ஒன்றரை வயதில் பார்க்கும்போது புது ஆள்தான். புது ஆள் ஓடி வந்து தூக்கினால் நீங்களும் நானும் கூடத்தான் பயப்படுவோம்!

அந்த அம்மையார் இன்னொன்றும் கண்டார். மறந்து போகும் முன்பு, நடுவில் ஒரு முறை லேசாக நினைவூட்டினால் போதும். ஞாபகம் திரும்பி வருகிறது. முன்பை விட நீண்ட நாள் நிற்கிறது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். பிறகு இதற்கு வேலை இருக்கிறது.

ஒரே ஒரு பேரன்

அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு பெரிதாகப் பேசப்படவில்லையே, ஏன்?

1961-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, நம் மாநிலத்தில் 100 பேரில் 27 பேர்தான் நகரங்களில் இருந்தார்கள். 2011-ம் ஆண்டுக் கணக்கில் 48 பேர் நகரங்களில் இருந்தார்கள். அன்று பாட்டி பின்கட்டில் இருந்தாள். அல்லது அடுத்த தெருவில். மிஞ்சினால் நாலு மைல் தள்ளி. பிள்ளை கண் விழித்ததில் இருந்து அவள் முகத்தைப் பார்த்தான். இன்று பாட்டி நெல்லையில். பேரன் சென்னையில். நடுவில் சுமார் 650 கிலோமீட்டர்!

இன்னொரு மாற்றம் பிள்ளைகளின் எண்ணிக்கை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. முன்பு ஒரு பாட்டிக்கு ஏழெட்டுப் பேரப் பிள்ளைகள். ஒன்று அழுதால் இன்னொன்று மடியில் ஏறி உட்காரும். அழுத பிள்ளையை யாரும் கண்டு கொள்ள மாட்டார்கள். அதுவும் கொஞ்ச நேரத்தில் தானே வந்து சேர்ந்து விடும்.

இன்று பாட்டிக்கு இருப்பது ஒரே ஒரு பேரன். அல்லது இரண்டு. அவனும் வருஷத்துக்கு நாலு நாள்தான் வருகிறான். அந்த நாலு நாளில் முதல் நாள் முழுவதும் அவன் அழுதால் பாட்டிக்கு மீதி எத்தனை? பாட்டியின் அவசரத்துக்கு இதுதான் காரணம். அவளைக் குறை சொல்ல முடியாது.

டிக்கெட்டும் இல்லை, இடமும் இல்லை

ஊருக்கு வந்து சேரும்போது பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான்? அதையும் பார்க்க வேண்டும்.

ரெயிலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டியது இல்லை. நல்ல சலுகைதான். ஆனால் டிக்கெட் இல்லை என்றால் படுக்கையும் இல்லை! தாயும் பிள்ளையும் ஒரே படுக்கையில் ஒடுங்கிக் கொள்ள வேண்டும். பிள்ளை விழுந்து விடுவானோ என்று தாய் இரவு முழுவதும் விழித்திருக்கிறாள். 2022-ம் ஆண்டு மே மாதம் லக்னோ மெயில் ரெயிலில், கீழ்ப் படுக்கையை ஒட்டி, குழந்தைக்கு என்று ஒரு மடக்குப் படுக்கை வைத்துச் சோதித்தார்கள். தாய்மார்கள் பலர் அந்தச் செய்தியைப் படித்து மகிழ்ந்தார்கள். நெல்லைக்கும் கன்னியாகுமரிக்கும் இரவு ரெயிலில் போகிற தாய்க்கு அது இன்னும் அதிகம் தேவை என்று நாம் சொல்வோம்.

டிக்கெட் எடுப்பதே ஒரு போராட்டம். முன்பு 120 நாளுக்கு முன்னால் முன்பதிவு செய்யலாம். 2024-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதல் அதை 60 நாளாகக் குறைத்தார்கள். பொங்கல் டிக்கெட்டுக்கு நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்குக் காத்திருக்க வேண்டும். சில நிமிடத்தில் இடம் தீர்ந்து விடுகிறது. கிடைக்காதவர்கள் பஸ்சுக்குப் போகிறார்கள்.

தென் மாவட்ட பஸ்கள் முன்பு கோயம்பேட்டில் புறப்பட்டன. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி திறந்தார்கள். வட சென்னையில் இருக்கிற குடும்பம் பிள்ளை, பை, பால் புட்டி, போர்வை எல்லாம் தூக்கிக் கொண்டு அங்கே போய்ச் சேருவதே ஒரு பயணம் ஆகி விட்டது. அரசாங்கம் சில உதவிகள் செய்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2015-ம் ஆண்டில் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டத் தனி அறைகள் திறந்தார்கள். அரசு பஸ்களில் 5 வயது வரை குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை என்று 2022-ல் அறிவித்தார்கள்.

ரெயில் நிலையத்தில் இறங்கியதும் சித்தப்பா மோட்டார் சைக்கிளோடு நிற்பார். “ஏறு அண்ணி, ஐந்து நிமிடம்தான்” என்பார். இங்கே கவனம் தேவை. 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை வேண்டும். குழந்தைக்கும் தலைக் கவசம் வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. மத்திய அரசாங்கம் 2022 பிப்ரவரியில் இந்த விதியை அறிவித்து, ஓராண்டு கழித்து அமலுக்குக் கொண்டு வந்தது. பட்டை இல்லையா? ஆட்டோவில் போங்கள்.

இப்படியாக விடியற்காலையில் பிள்ளை வீடு வந்து சேருகிறான். இரவு சரியாகத் தூங்கவில்லை. மார்கழிக் குளிர். பழக்கப்பட்ட படுக்கை இல்லை. பால் சுவை மாறி இருக்கிறது. தொழுவத்தில் மாடு கத்துகிறது. இந்த நேரத்தில் ஏழு பேர் ஒரே சமயத்தில் கையை நீட்டினால், எந்தப் பிள்ளைதான் சிரிக்கும்?

நாலு நாள், இரண்டு வீடு

போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். ஆக நாலு நாள். தனியார் கம்பெனிகள் பலவற்றில் அதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. இந்த நாலு நாளில் அப்பா வீடும் உண்டு, அம்மா வீடும் உண்டு. இரண்டும் ஒரே ஊரில் இருந்தால் அதிர்ஷ்டம். ஒன்று விருதுநகர் பக்கம், இன்னொன்று தஞ்சாவூர் பக்கம் என்றால்?

பெரும்பாலும் நடப்பது என்ன? பொங்கல் அன்று மாமியார் வீடு. மாட்டுப் பொங்கல் மாலை பஸ் ஏறி, காணும் பொங்கலுக்குத் தாய் வீடு. பிள்ளை முதல் பாட்டியிடம் பழக இரண்டு நாள் ஆகிறது. பழகிச் சிரிக்கத் தொடங்கும்போது பெட்டி கட்டி விடுகிறார்கள்! அடுத்த வீட்டில் முதலில் இருந்து அழுகை. அங்கேயும் பழகும் முன்பு சென்னைக்குப் புறப்பாடு. இது போதாது என்று நடுவில் பெரியப்பா வீடு, அத்தை வீடு, மாமா வீடு. “பிள்ளையைக் காட்டாமல் போனால் கோபித்துக் கொள்வார்கள்” என்று பத்து வீடு ஏறி இறங்குகிறார்கள்.

இதில் ஒரு சின்ன யோசனை. முறை வைத்துக் கொள்ளலாமே! ஒரு பொங்கலுக்கு ஒரு வீடு. அந்த வருஷம் டிசம்பர் விடுமுறைக்கு மற்ற வீடு. ஒரு வீட்டில் நாலு நாள் முழுதாக இருந்தால்தான் பிள்ளைக்குப் பாட்டி கிடைப்பாள். ஆனால் இதைச் சொல்ல வேண்டியவன் கணவன். மருமகள் சொன்னால் அது வேறு விதமாகப் போய் விடும்!

கணவன் பேச்சு வந்து விட்டது. அதையும் பேசி விடுவோம். 2019-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் ஒரு கணக்கு எடுத்தது. யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலை செய்கிற ஆண்களின் கணக்குத்தான் அது. வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை!

சாதாரண நாளில் இப்படி. பண்டிகை நாளில் எப்படி இருக்கும்? ஊருக்கு வந்ததும் கணவன் மகனாகி விடுகிறான். திண்ணையில் சாய்ந்து கொள்கிறான். பழைய நண்பர்களோடு ஜல்லிக்கட்டுப் பார்க்கப் போகிறான். அம்மா கையால் சாப்பிடுகிறான். மனைவியோ அடுப்படிக்குப் போகிறாள். இடுப்பில் பிள்ளை. இறக்கி விட்டால் அழுகிறான். தூக்கி வைத்திருந்தால் “வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள்” என்று பேச்சு. அவள் எந்தப் பக்கம் போவாள்?

பிள்ளை தாய்க்கு அடுத்தபடி நன்றாக அறிந்த ஆள் தகப்பன்தான். அவன் பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு தன் தாயின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்து விடும். பாட்டிக்குப் பேரனும் கிடைப்பான், மகனும் கிடைப்பான். அடுப்படியில் மருமகளுக்குக் கை ஒழியும்.

பாட்டி என்ன செய்யலாம்?

பாட்டிமார்களே! உங்களுக்கும் சில வார்த்தை.

பிள்ளை வந்ததும் தூக்காதீர்கள். கையைக் கூட நீட்ட வேண்டாம். முதலில் மருமகளிடம் பேசுங்கள். “வாம்மா, பயணம் எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தபடி உங்களைப் பார்த்துக் கொண்டே இருப்பான். தன் தாய் சிரித்துப் பேசுகிற ஆள் என்றால் பயம் இல்லாத ஆள் என்று அவன் முடிவு கட்டுகிறான். மருமகளிடம் காட்டுகிற பிரியம்தான் பேரனிடம் போக வழி!

பிறகு தரையில் உட்காருங்கள். உயரமாக நிற்கிற ஆளைக் கண்டால் குழந்தைக்குப் பயம் அதிகம். ஒரு கிண்ணமும் கரண்டியும் எடுத்துத் தட்டுங்கள். அவனைப் பார்க்க வேண்டாம், கிண்ணத்தைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அவனே ஓரடி வைப்பான். தாயிடம் திரும்பி ஓடுவான். மறுபடி வருவான். அப்போதும் பிடிக்காதீர்கள். பிடித்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்!

“பாட்டிக்கு முத்தம் கொடு” என்று கட்டாயப்படுத்த வேண்டாம். “அழுமூஞ்சி” என்று பட்டப் பெயர் வைக்க வேண்டாம். செல்போனைக் காட்டி ஆசை காட்டுவதும் வேண்டாம். அவன் செல்போனிடம்தான் வருவான். உங்களிடம் வர மாட்டான். இருமல், சளி இருக்கிறவர்கள் குழந்தையின் முகத்துக்குக் கிட்டே போகவே கூடாது. பெரியவர்களுக்குச் சாதாரண சளி. பால் மணம் மாறாத பிள்ளைக்கு அது ஆஸ்பத்திரி வரை போகும்.

வீட்டையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். முழங்காலில் நின்று பார்த்தால் பிள்ளையின் கண்ணுக்கு எது தெரியும் என்று புரியும். தாத்தாவின் சர்க்கரை வியாதி மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எங்கே இருக்கிறது? ஜன்னல் கட்டையிலா? தலையணை அடியிலா? பிள்ளைகள் இல்லாத வீட்டில் அது பரவாயில்லை. பேரன் வருகிற வீட்டில் அது விஷம். பூட்டி வையுங்கள். கொசு விரட்டும் திரவத்தையும் எடுத்து விடுங்கள். கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி போடுங்கள். வாளியில் அரை வாளித் தண்ணீர் கூட ஆபத்துதான். முற்றத்தில் பொங்கல் அடுப்பு எரியும்போது, பிள்ளையைப் பார்த்துக் கொள்ள என்று ஒரு ஆளைத் தனியாக நியமியுங்கள். “எல்லோரும் இருக்கிறோமே” என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்!

கரும்பு பற்றி ஒரு வார்த்தை. பொங்கல் என்றால் கரும்புதான். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கரும்புத் துண்டைக் கடித்துச் சக்கையைத் துப்பத் தெரியாது. தொண்டையில் சிக்கிக் கொள்ளும். வேர்க்கடலை, பொட்டுக் கடலை, முழுத் திராட்சை, கெட்டி முறுக்கு எல்லாம் அப்படித்தான். நாலைந்து வயது வரை முழுக் கடலை கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எதுவாவது சிக்கினால் பிள்ளை பலமாக இருமுகிறானா என்று பாருங்கள். இருமினால் இரும விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க விரலை உள்ளே விடாதீர்கள். அது இன்னும் உள்ளே போய் விடும். இரும முடியாமல், சத்தம் வராமல் திணறினால் நேரம் கடத்தக் கூடாது. ஒருவர் முதல் உதவி செய்ய, இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். ஊருக்குப் புறப்படும் முன்பே அந்த முதல் உதவி முறையைத் தாய் தகப்பன் இருவரும் டாக்டரிடமோ செவிலியரிடமோ கேட்டுச் செய்து பார்த்துக் கொள்வது நல்லது. பேப்பரில் படித்துக் கற்கிற காரியம் அல்ல அது.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தடவுகிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. வேண்டாம். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத ஒரு கிருமி, கைக்குழந்தையின் குடலில் விஷத்தை உண்டாக்கும்.

பாட்டி பட்டணம் வந்தால்?

முன்னால் ஒன்றை மனதில் வைக்கச் சொன்னோம் அல்லவா? நடுவில் ஒரு முறை நினைவூட்டினால் ஞாபகம் நிற்கும் என்பதுதான் அது.

இன்று அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. செல்போனில் முகம் பார்த்துப் பேசுவது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு செல்போன், டெலிவிஷன் எதுவும் காட்டக் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. ஆனால் அவர்களே ஒரு விதி விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். உறவினர்களோடு எப்போதாவது முகம் பார்த்துப் பேசலாம்! வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து நிமிடம், பிள்ளை பசி இல்லாமல் இருக்கும் நேரத்தில் பேசினால் போதும். பாட்டி அதே கிண்ணத்தையும் கரண்டியையும் காட்டித் தட்டலாம். ஊருக்கு வரும்போது அந்தக் கிண்ணமே அறிமுகக் கடிதம் ஆகி விடும்.

ஆனால் கண்ணாடிக்குள் தெரிகிற முகத்துக்கு மணம் இல்லை, மடி இல்லை. அதற்குப் பாட்டிதான் வர வேண்டும். பிள்ளையைத் தூக்கிக் கொண்டு 650 கிலோமீட்டர் போவதை விட, பாட்டி தாத்தா பட்டணம் வருவது எளிது. பிள்ளை தன் வீட்டில், தன் படுக்கையில், தன் பொம்மையோடு இருப்பான். பயம் பாதி குறையும். வந்தவர்கள் நாலு நாளில் திரும்ப வேண்டியதும் இல்லை. இரண்டு வாரம் இருக்கலாம். தாய் வேலைக்குப் போகிறவள் என்றால் அவளுக்கும் அது பெரிய உதவி.

இங்கேதான் அரசாங்கத்திடம் ஒரு கேள்வி. ரெயிலில் மூத்தவர்களுக்குக் கட்டணச் சலுகை இருந்தது. 60 வயது ஆன ஆண்களுக்கு 100-க்கு 40 ரூபாய் குறைத்தார்கள். 58 வயது ஆன பெண்களுக்குப் பாதிக் கட்டணம். கொரோனா வந்த 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் அதை நிறுத்தினார்கள். கொரோனா அடங்கிய பிறகும் தாத்தா பாட்டிகள் முழுக் கட்டணம் கொடுத்துத்தான் பயணம் செய்தார்கள். 5 வயதுக்கு உட்பட்ட பேரனை டிக்கெட் இல்லாமல் விடுகிற ரெயில்வே, அவனைப் பார்க்க வருகிற பாட்டிக்குப் பாதி டிக்கெட் கொடுத்தால் என்ன? தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் பெண்கள் சாதாரண டவுன் பஸ்சில் கட்டணம் இல்லாமல் போகிறார்கள். அது பக்கத்து ஊருக்கு உதவும். நெல்லையில் இருந்து சென்னைக்கு உதவாது.

கடைசியாக ஒரு கணக்கு. தை முதல் நாளில் இருந்து சித்திரை முதல் நாள் வரை எத்தனை வாரம் என்று எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய 13 வாரம்! ஒன்றரை வயதுப் பிள்ளை பொம்மை ரெயிலை ஞாபகம் வைத்திருந்த அதே 13 வாரம். பொங்கலுக்கு ஊரில் பழகிய பேரனைச் சித்திரை பிறக்கும்போது பாட்டி சென்னைக்கு வந்து பார்க்கலாம். அதற்கு ரெயில் முன்பதிவு பிப்ரவரி நடுவில் திறக்கும். பொங்கல் அளவுக்கு அடிதடி இருக்காது. கீழ்ப் படுக்கை கேட்டு எழுதுங்கள். கிண்ணத்தையும் கரண்டியையும் பையில் வைக்கச் சொல்லுங்கள்.